மிகிந்தலை: அம்மாவின் முழங்காலுக்கும் மகனின் பறவைக் குறிப்பேட்டுக்கும் எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

பொதிகைத்தென்றல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வரும் கோடை விடுமுறையில், மே மாதக் கடைசியிலோ ஜூன் முதல் வாரத்திலோ, குடும்பத்துடன் இலங்கை செல்லவிருக்கிறோம். அநுராதபுரத்தில் இரண்டு இரவுகள் தங்குகிறோம். பயண ஏற்பாட்டாளர் அனுப்பிய நிரலில், அநுராதபுரத்துக்கு அருகிலுள்ள பௌத்த மலைத்தலமான மிகிந்தலைக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: மாலை நான்கு மணிக்குப் புறப்பாடு, படியேற்றம், உச்சியில் சூரிய அஸ்தமனம், இருட்டியதும் விடுதிக்குத் திரும்புதல். அந்த ஒரு வரியை நம்பிப் போகலாமா என்பதுதான் என் தயக்கம்.

உடன் வருபவர்களில் இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது; சமதளத்தில் நன்றாக நடப்பார், ஆனால் படி என்றால் முழங்கால் ஒத்துழைக்காது. மகன் ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறான். கோயில் கோபுரத்தைக் காட்டினால் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் பறவையைத்தான் முதலில் பார்ப்பான். 1,840 படிகள் என்று படித்ததிலிருந்து அம்மா "நான் கீழேயே இருந்துகொள்கிறேன்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

இன்னொரு ஐயமும் உண்டு. மிகிந்தலையை "உலகின் முதல் வனவிலங்குச் சரணாலயம்" என்று எல்லாக் கையேடுகளும் எழுதுகின்றன. அதற்கு ஆதாரம் என்ன? அதைவிட முக்கியமாக, காடு என்று சொல்லத்தக்க ஏதாவது இன்றும் அங்கே மிஞ்சியிருக்கிறதா, அல்லது தூபிகளும் படிகளும் கடைகளும் மட்டும்தானா? பொசொன் எனப்படும் ஜூன் மாதப் பௌத்தப் பௌர்ணமி விழாவை ஒட்டிப் போவது நல்லதா, தவிர்ப்பது நல்லதா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வவுனியாவாசி

வணக்கம். அந்த நிரலை மாற்றச் சொல்லுங்கள். மாலையைக் காலையாக்கினாலே உங்கள் சிக்கல்களில் பாதி தீர்ந்துவிடும். ஜூன் மாதத்தில் எங்கள் பகுதியில் மழை இராது, கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும், பாறை நாள் முழுவதும் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். மேல் முற்றத்தில் பாதணியைக் கழற்றியாக வேண்டும் என்பதால், பிற்பகலில் வெறுங்காலுடன் அந்தக் கல்லில் நிற்பது இளைஞர்களுக்கே பாடாய்ப் போய்விடும். காலுறை அணிந்துகொள்ளலாம், அதற்குத் தடையில்லை. தடிப்பான காலுறை ஒரு சோடி ஆளுக்கு எடுத்து வையுங்கள். அஸ்தமனம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன்பின் மங்கும் வெளிச்சத்தில் தேய்ந்த கற்படிகளில் முழங்கால் வலியுள்ள ஒருவர் இறங்குவதை எண்ணிப் பாருங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும்.

படிகளைப் பற்றி அம்மா பயப்படத் தேவையில்லை. 1,840 என்ற எண் மிரட்டினாலும், அவை நமது ஊர்க் குன்றுக் கோயில் படிகளைப் போலச் செங்குத்தானவை அல்ல. கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு படியும் நல்ல அகலமும் குறைந்த உயரமும் கொண்டது. இருபுறமும் ஈழத்தலரி மரங்கள் நிழல் தரும். அதற்கும் மேலாக, பழைய வீதி என்று ஒரு வண்டிப் பாதை மலையின் இடைப்பகுதிவரை செல்கிறது. அதன் முடிவிலுள்ள வாகனத் தரிப்பிடத்தில் இறங்கினால் படிகளில் பெரும்பகுதி கழிந்துவிடும். அங்கிருந்து பிக்குகளின் உணவு மண்டபம் இருக்கும் இடைத்தளத்துக்குச் செல்வது கடினமல்ல. அம்மா அங்கே கல்வெட்டுகளையும் மண்டப இடிபாடுகளையும் ஆறுதலாகப் பார்த்துவிட்டு, உடல் இடம் கொடுத்தால் மட்டும் அம்பஸ்தலை எனும் மேல் முற்றத்துக்கான கடைசிப் படிவரிசையில் ஏறட்டும். அந்தக் கடைசி வரிசை சற்றுச் செங்குத்தானது. முற்றத்திலிருந்து எழும் ஆராதனைப் பாறையில் அவர் ஏறவே வேண்டாம். அங்கே பாறையில் வெட்டிய ஒடுங்கிய படிகளும் இரும்புக் கைப்பிடியும் உண்டு. ஆனால் காற்று ஆளைத் தள்ளும், மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் ஒரே வழியில் நெருக்குவார்கள்.

தோளும் முழங்காலும் மூடிய உடை எல்லோருக்கும் கட்டாயம்; வெள்ளை உடுப்பது வழக்கம், கட்டாயமில்லை. தூபி முற்றத்தில் தொப்பியையும் கழற்ற வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வதை அங்கே அவமதிப்பாகவே கருதுவார்கள். பையனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வெளிநாட்டவர்கள் நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும். அநுராதபுரத்துக்கு எடுத்த சீட்டு இங்கே செல்லாது.

பொசொன் பற்றி என் கருத்து: இந்தக் குடும்பத்துக்கு வேண்டாம். இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்தர் வந்திறங்கிய பௌர்ணமி என்பதால், நாடெங்குமிருந்து இலட்சக்கணக்கானோர் அந்த நாட்களில் மிகிந்தலைக்கு வருவார்கள். படிகளில் ஒருவர் நின்றால் பின்னால் நூறு பேர் நிற்பார்கள். முதியவர் ஒருவர் மூச்சு வாங்க உட்காருவதற்குக்கூட இடம் கிடைக்காது. பறவையோ, கேட்கவே வேண்டாம்.

கல்லெழுத்து

உங்கள் இரண்டாவது கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் "உலகின் முதல் சரணாலயம்" என்ற தொடரை அப்படியே ஏற்பவர்களும் அப்படியே ஒதுக்குபவர்களும் ஒரே அளவு அவசரப்படுகிறார்கள் என்பது என் எண்ணம்.

இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சம் சொல்லும் நிகழ்ச்சி இது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில், மரபுக் கணக்கின்படி கி.மு. 247இல், அநுராதபுரத்து அரசன் தேவநம்பிய தீசன் இந்த மலைக்கு மான் வேட்டைக்கு வருகிறான். புல் மேயும் கலைமான் ஒன்றைக் காண்கிறான். எச்சரிக்கையின்றி நிற்கும் விலங்கை எய்வது முறையன்று என்று எண்ணி, வில்லின் நாணைத் தெறித்து ஒலி எழுப்புகிறான். மான் மலைமேல் ஓட, அதைத் துரத்திச் சென்ற அரசனை "தீசா" என்று பெயர் சொல்லி அழைக்கிறார் அசோகனின் மகனான மகிந்த தேரர். பிறகு மாமரத்தை வைத்து அரசனின் அறிவைச் சோதிக்கும் அந்தப் புகழ்பெற்ற கேள்விகளும், யானையின் காலடியை உவமையாகக் கொண்ட சூத்திர உபதேசமும் வருகின்றன. இதில் கவனிக்க வேண்டியது, அரசன் இந்தக் காட்டை விலங்குகளுக்கான காப்பிடமாக அறிவித்தான் என்று இந்தப் பகுதியில் வரி எதுவும் இல்லை என்பதாகும். வேட்டையாட வந்தவன் வேட்டையை விட்டான் என்ற கதையிலிருந்து பிற்காலத்தார் வருவித்துக்கொண்ட முடிவுதான் அந்தப் பட்டம். மகாவம்சம் எழுதப்பட்டதே நிகழ்ச்சிக்கு எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் இதனால் அந்தக் கூற்று வெறும் சுற்றுலா விளம்பரம் என்றும் தள்ளிவிட முடியாது. அசோகனின் ஐந்தாம் தூண் சாசனம், அவன் முடிசூடி 26 ஆண்டுகளான பின் வெளியிட்டது, கொல்லக் கூடாத உயிர்களின் நீண்ட பட்டியலைத் தருகிறது. கிளி, மைனா, வௌவால், ஆமை எல்லாம் அதில் உண்டு. காரணமின்றியோ உயிர்களை அழிப்பதற்காகவோ காடுகளைக் கொளுத்தக் கூடாது என்றும் அது விதிக்கிறது. அந்த அரசனுடன் நட்புக் கொண்டு, அவன் சூடிய தேவநம்பிய என்ற பட்டத்தையே தானும் சூடிய ஒருவனுக்கு இந்தக் கொள்கை தெரியாமல் இருந்திருக்காது.

இதைவிட உறுதியான சான்று மலையிலேயே நிற்கிறது. உணவு மண்டபத்துக்கு அருகில் புனிதச் சின்னம் வைத்திருந்த தாதுமனையின் வாயிலில் இரு பெரிய கற்பலகைகள் உள்ளன. கி.பி. 956 முதல் 972 வரை ஆண்ட நான்காம் மகிந்தன் பொறித்தவை. விகாரையின் அன்றாட ஒழுங்கை எழுத்துக்கு எழுத்து வகுத்திருக்கிறார்கள்: பிக்குகள் விடியலில் எழுந்து, பல் துலக்கி, தியானம் முடித்துக் கஞ்சிக்கு வரவேண்டும், வரவு செலவை நாள்தோறும் ஏட்டில் பதிந்து பாதுகாக்க வேண்டும், பணியாளர்களுக்கு இன்னின்னவருக்கு இவ்வளவு நிலம், இவ்வளவு நெல். அந்த விதிகளுக்கு நடுவே, உயிர்க்கொலை செய்வோர் மலையைச் சுற்றிக் குடியிருக்க அனுமதியில்லை என்ற ஒரு விதியும் இருக்கிறது. தேவநம்பிய தீசன் என்ன அறிவித்தான் என்பது மரபு. பத்தாம் நூற்றாண்டில் இந்த மலையைச் சுற்றிக் கொலைத்தடை இருந்தது என்பது கல்வெட்டு. என்னைக் கேட்டால், "உலகின் முதல்" என்ற பட்டத்தைக் காட்டிலும் இந்த ஒரு விதி பெறுமதியானது. காரணம், இது ஓர் அரசனின் மனமாற்றத்தைச் சொல்லவில்லை. கஞ்சிக்கும் கணக்குக்கும் இடையில் வைத்து, நடைமுறை நிர்வாகமாகச் சொல்கிறது.

இடைக்காலத்துக்கும் ஒரு சாட்சி உண்டு. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் இரண்டு ஆண்டுகள் தங்கிய சீனப் பயணி பாகியான், அநுராதபுரத்து அபயகிரி விகாரைக்குக் கிழக்கே உள்ள சேதிய மலையில், அதாவது மிகிந்தலையில், ஏறத்தாழ 2,000 பிக்குகள் வாழ்ந்ததாக எழுதுகிறார். அவர்களில் தர்மகுப்தர் என்ற பெரியவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாறை அறையொன்றில் வாழ்ந்தார் என்றும், அவருடைய சாந்தத்தால் பாம்பும் எலியும் ஒரே அறையில் ஒன்றையொன்று தீண்டாமல் கிடந்தன என்றும் குறிக்கிறார். பாம்பு எலி விஷயத்தை அவரவர் விருப்பப்படி நம்பலாம். மலையின் பெயர் வெளிநாட்டார் காதில் விழும்போதே விலங்குகளோடு சேர்ந்து விழுந்திருக்கிறது என்பதுதான் எனக்குச் சுவையாகப் படுகிறது.

நவீனச் சட்டப்படி பார்த்தால் கதை எளிது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்த மறு ஆண்டே, அதாவது 1938இல், மிகிந்தலை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயம் என்ற வகைக்குள் தனியார் காணியும் குடியிருப்பும் இருக்கலாம். ஆகவே எல்லைக்குள் கடையையும் வீதியையும் கண்டு ஏமாற வேண்டாம். ஆள் நடமாட்டத்தையே தடுக்கும் கடும் இயற்கை ஒதுக்கம் வேறு வகை. 1941இல் அப்படி அறிவிக்கப்பட்ட ரிட்டிகல மலை அநுராதபுரத்திலிருந்து ஹபரணை செல்லும் பக்கம் இருக்கிறது.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கந்தக சேதியம் என்ற பழைய தூபியைத் தவறவிடாதீர்கள். முதல் படித்தளத்திலிருந்து வலப்புறம் பிரியும் சிறு படிவரிசையின் முடிவில் இருக்கிறது. உச்சித் தூபியை நோக்கி விரையும் கூட்டம் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, அதுவே நமக்கு வசதி. இலங்கையின் மிகப் பழைய கற்செதுக்கல்களில் சில அதன் நான்கு முகப்புகளில் உள்ளன. கிழக்கு முகப்பு நன்றாக நிலைத்திருக்கிறது. அன்ன வரிசை, யானை வரிசை, குள்ளப் பூதகண வரிசை என்று அடுக்கடுக்காக ஓடும். பூதகணங்களுக்கு நடுவே யானைமுகத்துடன் ஒரு குள்ளன் அமர்ந்திருப்பான். பிள்ளையார் வடிவத்தின் மிகப் பழைய முன்னோடிகளில் ஒன்று என்று அறிஞர்கள் சிலர் அதைக் கருதுகிறார்கள். பையனிடம் இடத்தைச் சொல்லிவிடாமல் தேட விடுங்கள். சேதியத்தைச் சுற்றியுள்ள பாறைகளின் அடியில் பிக்குகளின் குகைகள் இருக்கின்றன. அரசன் 68 குகைகளை அமைத்துக் கொடுத்ததாக மகாவம்சம் கூறும். மழைநீர் உள்ளே வழியாமலிருக்கப் பாறையின் நெற்றியில் வெட்டிய வடிகோட்டையும், அதன்கீழ்ப் பிராமி எழுத்தில் "வந்தோரும் வரவிருப்போருமான நாற்றிசைச் சங்கத்தார்க்கு" என்ற பொருள்படப் பொறித்த கொடைச் செய்தியையும் பல குகைகளில் இன்றும் காணலாம்.

பாலையும்வீரையும்

கல்லெழுத்து ஐயா சொன்னதற்குப் பிறகு வரலாற்றில் கைவைக்க எனக்குத் துணிவில்லை. காடு இருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

இருக்கிறது. ஆனால் மலைநாட்டுக் காட்டை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். மலையின் மிக உயர்ந்த முனையே ஏறத்தாழ 300 மீட்டர். பனியோ குளிரோ இல்லை. இது உலர்வலயத்தின் பசுமை மாறாக் காடு. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பங்கு வாடைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களை அந்த நீரில்தான் மரங்கள் ஓட்ட வேண்டும். அதனால்தான் இங்கே இலைகள் சிறியவை, தடித்தவை, மரங்கள் மெல்ல வளர்ந்து இரும்பைப் போல இறுகியவை. பாலை, வீரை, முதிரை, கருங்காலி ஆகியவை இந்தக் காட்டுக்கு உரியவை. ஜூன், ஜூலையில் பாலை பழுக்கும். மஞ்சள் நிறத்தில் சிறிய இனிப்புப் பழம். பாலை பழுத்தால் குரங்கும் இருவாசியும் ஓரிடத்தில் கூடும் என்பதால், நீங்கள் வரும் மாதம் உங்கள் மகனுக்கு ஒன்றும் மோசமில்லை.

அவனுடைய குறிப்பேட்டுக்காகச் சில விஷயங்கள். தோட்டக்கள்ளன் என்று சிலரும் ஆறுமணிக்குருவி என்று சிலரும் அழைக்கும் வண்ணப்பறவை குளிர்காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து ஏப்ரலோடு திரும்பிவிடும், ஜூனில் கிடைக்காது. அரசவால் ஈப்பிடிப்பானில் வெள்ளை ஆண் பறவையும் அப்படியே, அது வலசை வருவது. ஆனால் இலங்கையிலேயே தங்கிவாழும் இனத்தில் ஆண் பறவை முதிர்ந்த பின்னும் செம்பழுப்பாகவே இருக்கும், வெள்ளையாவதில்லை. நீண்ட வால் மட்டும் அதே அழகு. இந்தியாவில் வெள்ளையைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு இந்த வேறுபாடு நல்ல குறிப்பாக அமையும். மாலையில் நிழலான குளக்கரையில் பொறுமையாக நின்றால், இந்தப் பறவை கொப்பிலிருந்து நீரில் தொப்பென்று விழுந்து நனைந்து, அதே கொப்புக்குத் திரும்பி வாலை உதறி, மறுபடியும் விழுவதைப் பார்க்கலாம். இலங்கைக் காட்டுக்கோழி அதிகாலையில் சத்தம் கொடுக்கும். கண்ணில் படுவது அவரவர் அதிர்ஷ்டம். தலையில் தொப்பி வைத்தாற்போல மயிர் சுழன்றிருக்கும் செங்குரங்குகள் படியெங்கும் இருக்கும். அவற்றுக்குத் தின்பண்டம் கொடுக்கவே கூடாது. கையில் நெகிழிப்பை தொங்குவதைக் கண்டால் அது உணவுதான் என்ற முடிவுக்கு அவை எப்போதோ வந்துவிட்டன, பூத்தட்டுக்கூடத் தப்பாது. மர உச்சிகளில் ஒரு பூனையளவு அணில் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு காயைக் கொறிப்பதைக் கண்டால், அது சாம்பல் மலை அணில்.

எங்கே பார்ப்பது என்பதுதான் முக்கியம். பிரதான படிவரிசையில் இவற்றில் குரங்கைத் தவிர வேறொன்றும் சரியாகக் கிடைக்காது. இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, நாக பொக்குண (பொக்குண என்றால் குளம்). அம்பஸ்தலைக்கு ஏறும் கடைசிப் படிவரிசையின் நடுவிலிருந்து மகாசேயத் தூபி நிற்கும் குன்றின் பக்கமாக ஒரு பாதை பிரிகிறது. சில நிமிட நடையில் பாறைச் சரிவு ஒன்றின் அடியில் நீளமான தடாகம். அதன் பின்சுவரான பாறையிலேயே ஐந்து தலை நாகம் படமெடுத்த நிலையில் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் வால் குளத்தின் அடிவரை போகிறது என்று ஊர்ப்பேச்சு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட முதலாம் அக்கபோதி கட்டியதாகச் சொல்லப்படும் இந்தத் தடாகத்தை வெறும் சிற்பமாகப் பார்த்துவிட்டுத் திரும்புவது நஷ்டம். மேலே உள்ள மொட்டைப் பாறை முழுவதும் இதற்கு நீர்பிடிப்பு. வாடை மழை பாறையில் விழுந்து, வேறெங்கும் ஒழுகாமல் இங்கே வந்து சேரும். இங்கிருந்து வாய்க்கால் வழியே இறங்கிய நீர்தான் கீழே சிங்க பொக்குணவில், பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும் இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட கற்சிங்கத்தின் அருகே வந்து விழுந்தது; உணவு மண்டபமும் இந்த நீரைத்தான் நம்பியிருந்தது. ஆறோ ஊற்றோ இல்லாத ஒரு மலைமுகட்டில் பாகியான் சொன்ன அந்தக் கூட்டம் எப்படிக் குடித்துக் குளித்தது என்ற கேள்விக்கு, இந்தச் சரிவில் நின்று பாறையை அண்ணாந்து பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஜூனில் நீர் குறைந்து பச்சையாகத்தான் இருக்கும். தை, மாசியில் வந்தால் விளிம்புவரை நிற்கும்.

இரண்டாவது, கலுதிய பொக்குண. இது மலைமேல் அல்ல, அடிவாரக் காட்டுக்குள். மலையைப் பார்த்த களைப்பில் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். என் தெரிவோ நேரெதிர்: நேரம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், உச்சியை விட்டுவிட்டு இங்கே வருவேன். கரும்பாறைகளுக்கும் மரங்களுக்கும் நடுவே அகன்ற தடாகம், கரையில் 10, 11ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிறு விகாரையின் இடிபாடுகள், பாறையைக் கூரையாகக் கொண்டு சுவர் எழுப்பிய குகை மனை. பாதை சமதளம். அம்மாவும் சுகமாக நடந்து வரலாம், உட்காரக் கல்லுக்குக் குறைவில்லை. சோழர் படையெடுப்புக்குப் பின் தலைநகர் பொலன்னறுவைக்கு மாறியதும் இந்த மடங்கள் எல்லாம் ஆளற்றுப் போயின. காடு உள்ளே வந்தது. இன்று நாம் இயற்கை என்றும் வரலாறு என்றும் பிரித்துப் பேசும் இரண்டும் இந்தக் குளக்கரையில் ஒரே சுவரின் இரு பக்கங்களில் நிற்கின்றன. அரச மரவேர் பிளந்த கல்லணையில் எது கொத்தன் வைத்த கல், எது வேர் நகர்த்திய கல் என்று பிரிப்பதே பாடு.

உச்சியிலும் உச்சியான எத் விகாரை இருக்கும் முனைக்குக் கூட்டம் அதிகம் வராது. மகாசேயத்தையும் கீழே விட்டு நிற்கும் இடம் அது. சுற்றியுள்ள குளங்களும் நடுவே காட்டுத் திட்டுகளும் வயல்களும் தெரியும். மகனுக்கு மூச்சு மிச்சமிருந்தால் நீங்களோ உங்கள் துணைவரோ அழைத்துப் போங்கள், இல்லாவிட்டால் பரவாயில்லை.

ஈழத்தலரி

வவுனியாவாசி அண்ணா பொசொனை ஒரேயடியாக விலக்கியது எனக்கு உடன்பாடில்லை. குருவி பார்க்க அது நாளல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த மலை எதற்காக இரண்டாயிரத்துச் சொச்ச ஆண்டுகளாக உயிருடன் இருக்கிறது என்பதை வெள்ளுடுத்திய கூட்டம் இரவெல்லாம் விளக்கொளியில் படியேறும்போதுதான் உணர முடியும். வழியெங்கும் தன்சல் பந்தல் போட்டு, வருகிறவர் யார் எவர் என்று கேளாமல் சோறும் தேநீரும் கொடுப்பார்கள். அம்மாவை மலையில் ஏற்றாமல், அடிவாரத்தில் ஒரு மாலை மட்டும் இருந்துவிட்டுப் போகலாம். பௌர்ணமிக்கு ஒரு வாரம் தள்ளிவந்து மலையையும் காட்டையும் நிதானமாகப் பார்ப்பது சாலச் சிறந்தது; ஆனால் உங்கள் விடுமுறை அதற்கு இடம் தருமா தெரியவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பொசொனை ஒட்டி அநுராதபுரத்தில் தங்குமிடம் கிடைப்பது மிகக் கடினம்.

பொதிகைத்தென்றல்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு வரியில் இருந்த நிரல் இப்போது முழுக் காலைப்பொழுதாகிவிட்டது. பௌர்ணமிக்குப் போதிய இடைவெளி விட்டு மே மாதக் கடைசியிலேயே வருவதாக முடிவு செய்திருக்கிறோம். "கல்வெட்டும் குளமும் என்றால் நானும் வருகிறேன்" என்று அம்மா சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு ஐயங்கள். அடிவாரத்தில் மருத்துவமனை இடிபாடு ஒன்று இருப்பதாகப் படித்தேன், அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டுமா? கந்தக சேதியம் முதல் படித்தளத்தில் என்றால், பழைய வீதி வழியாக மேலே இறங்கும் எங்களுக்கு அது விட்டுப்போகாதா?

வவுனியாவாசி

விட்டுப்போகாது. அம்மாவுடன் ஒருவர் வண்டியில் இடைத்தளத்துக்குப் போகட்டும். நீங்களும் மகனும் கீழிருந்து படியேறி, கந்தக சேதியத்தைப் பார்த்துவிட்டு, உணவு மண்டபத்தில் அவர்களுடன் சேர்ந்துகொள்ளுங்கள். காலை ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்குள் மேல் முற்றம்வரை முடிந்துவிடும், வெயில் ஏறுவதற்குள் நாக பொக்குணவையும் பார்த்துவிடலாம்.

மருத்துவமனை படிகளின் தொடக்கத்துக்கு மிக அருகிலேயே இருக்கிறது, தனி நேரம் தேவையில்லை. 9ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சேனன் கட்டியதாகக் கருதப்படுவது. நடுமுற்றத்தைச் சுற்றிச் சிறு அறைகள். ஒரே கல்லில் ஆள் வடிவத்துக்குக் குடைந்த மருந்துத் தொட்டிதான் அங்கே பார்க்க வேண்டியது. நோயாளியை அதற்குள் படுக்க வைத்து மூலிகை எண்ணெயிலோ கஷாயத்திலோ ஊறவிடுவார்களாம். தலைக்கும் தோளுக்கும் கால்களுக்கும் ஏற்ற வளைவுகள் துல்லியமாக வெட்டப்பட்டிருக்கும். மூட்டு வலிக்காரர்கள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடாமல் திரும்பியதை நான் கண்டதில்லை.

அநுராதபுரத்திலிருந்து தூரம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர்தான். பேருந்து அடிக்கடி உண்டு. ஆனால் உங்களுக்குப் பழைய வீதியில் ஏறவும் பிறகு கலுதிய பொக்குணவுக்குப் போகவும் வண்டி வேண்டியிருப்பதால் முச்சக்கர வண்டியோ வேனோ பேசிக்கொள்வதே நல்லது. புறப்படும் முன்பே காத்திருக்கும் நேரத்தையும் கலுதிய பொக்குணவையும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசி முடித்துவிடுங்கள், குடிநீரை விடுதியிலிருந்தே நிரப்பி எடுத்து வாருங்கள்.